ஒரே புஞ்சையில் டிஷ்ஷும் டவரும்

ஆவாரங்குளத்தில் வந்து மாரீஸ்வரி என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கேபிள் மாரீஸ்வரி என்று கேட்டால் கம்பத்தைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அவள் அங்கேதான் இருப்பாள். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் கயிறு, வாயில் ஒரு ஸ்க்ரூ. நாற்பத்தாறு வயதில் கம்பம் ஏறுகிற பொம்பிளையைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். கீழே நின்று யாராவது “பாத்துத்தா, பாத்து” என்று சொன்னால் மட்டும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும்.

“பாக்காமயா ஏறியிருக்கேன்?” என்பாள், வாயில் ஸ்க்ரூவோடு.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகிற மினி பஸ்ஸில் பாதி வழியில் வருகிற ஊர். நாலு பக்கமும் கரிசல், வேலிக்கருவ, வருசத்தில் ஒன்பது மாதம் ஆடு மேய்கிற கண்மாய். நூற்று நாற்பது வீடு. அதில் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு மாரீஸ்வரியின் ஒயர் போகிறது. எங்கோ தூரத்தில் இருக்கிற மொத்தக் கம்பெனி ஒன்று எல்லாச் சேனலையும் மூட்டை கட்டி சாட்டிலைட்டுக்கு அனுப்புகிறது. சாட்டிலைட் அதைத் திருப்பிக் கீழே கொட்டுகிறது. இவள் வீட்டு முற்றத்தில் இருக்கிற எட்டடி டிஷ் அதை ஏந்திக்கொள்கிறது. பக்கத்து அறையில் இரண்டு பெட்டி, அங்கிருந்து ஒயர். அவ்வளவுதான் தொழில்.

போதாததற்கு ஊருக்கென்று ஒரு சேனலும் நடத்தினாள். அது வானத்திலிருந்து வருவதல்ல, அவளுடைய அறையிலிருந்தே போவது. யார் வீட்டில் காது குத்து, யார் தவறிப்போனார், யாருடைய செம்மறி காணோம் என்று கீழே எழுத்து ஓடும். காணாமல் போன செம்மறி அநேகமாக அன்றைக்கே கிடைத்துவிடும். எடுத்தவனும் அந்தச் சேனலைத்தானே பார்க்கிறான்.

நம் பக்கத்து டிஷ்ஷுக்கு ஒரு குணம் உண்டு. வடக்கே போனால் அது சாய்ந்து நிற்கும். இங்கே சாட்டிலைட் ஏறத்தாழ நம் தலைக்கு மேலேயே இருப்பதால், டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். மல்லாந்து கிடக்கிற பாத்திரத்தைச் சும்மா விடுகிற ஊரா இது? மாரீஸ்வரி கழற்றிப் போட்ட பழைய டிஷ்ஷில் பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் பன்னிரண்டு மாசமும் மிதுக்க வத்தல் காயப்போட்டாள்.

அந்தப் பழைய டிஷ், மாரீஸ்வரிக்குக் கல்யாணமான வருசம் அவள் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி வாங்கி மொட்டை மாடியில் பூட்டியது. இருபத்தேழு வருசமாகிறது. அவர் மேலே நின்று டிஷ்ஷைத் திருப்புவார். புதுப்பெண் உள்ளே டி.வி. முன்னால் நின்று, “வருது… வருது… போச்சு!” என்று கத்துவாள். ஒரு வழியாகப் படம் நின்றதும், “வந்துருச்சு!” என்பாள். “கேக்கலை” என்பார். இன்னும் சத்தமாகக் கத்துவாள். “கேக்கலை புள்ள.” வெளியே ஓடி வந்து அண்ணாந்து கத்தினால், மனுசன் மேலே சிரித்துக்கொண்டு நிற்பார். முதல் தடவையே கேட்டிருக்கும்.

அப்படிப்பட்ட மனுசன் மூன்று வருசத்துக்கு முந்தி ஓர் ஆவணி மாதம் கம்பத்திலிருந்து விழுந்தார். நடுப்பகல். இடுப்பு போய்விட்டது. அன்றைக்கு ஆவாரங்குளத்தில் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது. கண்மாய்க் கரையில் ஒரு பனைமரம், அதன் நிழலில் நின்றால் இரண்டு கோடு காட்டும். மாரீஸ்வரி அங்கே ஓடினாள். நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். போக வர அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் அவர் கம்பத்தடியில் வெயிலில் கிடந்தார், யாரோ பிடித்த குடைக்குக் கீழே.

பிழைத்துக்கொண்டார். கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். ஆனால் முற்றத்துப் பக்கம் வருவதில்லை. டிஷ்ஷைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பார், அதுவும் யாரோ ஊரான் நடத்துகிற கேபிள் மாதிரி. அவருடைய கயிற்றை மாரீஸ்வரி எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டாதே என்று திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

அதோடு அவள் இன்னொரு வேலையும் பார்த்தாள். ஊருக்கு டவர் வேண்டும் என்று விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். பதினோரு திங்கட்கிழமை போனாள். பன்னிரண்டாவது திங்கட்கிழமைக்கு முன்னால் டவர் கம்பெனிக்காரர்களே இடம் பார்க்க வந்துவிட்டார்கள். எங்கே போடலாம் என்று அவர்கள் கேட்கவும், என் புஞ்சையிலேயே போடுங்கள் என்று வீட்டுக்குப் பின்னால் கைகாட்டினாள். டிஷ்ஷிலிருந்து எண்பது தப்படி தூரம். அவள் போட்ட கணக்கு இதுதான்: டிஷ்ஷும் வானத்துச் சரக்கு, டவரும் வானத்துச் சரக்கு. இரண்டும் ஒரே இனம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். கேபிள்காரியைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றாது. வேறு யாராவது இருந்திருந்தால் டவரை ஊருக்கு வெளியே தள்ளி நிறுத்தியிருப்பார்கள், வம்பு வந்திருக்காது.

எட்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பங்குனியில் இரண்டு பேர் வந்து டவரில் ஏறிப் புதுப் பெட்டிகளை மாட்டினார்கள். அஞ்சு ஜி வந்துவிட்டது என்று மளிகைக் கடை அருஞ்சுனை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போனைக் காட்டினான். மறுநாள் காலையில் நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சீரியலில் மாமியாரின் வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக நின்றது. திட்டுகிற பேச்சு பாதியில் அறுந்தது.

மாரீஸ்வரி முதலில் மயிலைச் சந்தேகப்பட்டாள், டிஷ்ஷில் வந்து உட்கார்ந்து ஆட்டியிருக்கும் என்று. பிறகு ஒச்சம்மாளைச் சந்தேகப்பட்டாள்.

“அக்கா, நெசத்தச் சொல்லு. புது டிஷ்ஷுல வத்தலப் போட்டியா?”

“ஒரே ஒருக்காத்தாண்டி போட்டேன், அதுவும் தை மாசம்” என்றாள் ஒச்சம்மாள்.

அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புது எல்.என்.பி. வாங்கி வந்தாள். டிஷ்ஷுக்கு நடுவே தூக்கி நிற்குமே, சிக்னலை வாங்குகிற அந்த மூக்குதான். மாட்டியும் பயனில்லை. ஊர்ச் சேனல் மட்டும் கண்ணாடி மாதிரி ஓடியது. வானத்திலிருந்து வருவதெல்லாம் உடைந்தது. அப்படியென்றால் தன் ஒயரில் குற்றமில்லை என்பது வரைக்கும் அவளுக்கு விளங்கிவிட்டது.

நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் படம் திடீரென்று பளிச்சென்று வந்தது. சந்தோசத்தில் முற்றத்துக்கு ஓடினாள். சரியாக ஒரு மணிக்கு மறுபடி உடைந்தது. புஞ்சைப் பக்கம் பார்த்தால், டவரடியில் ஒரு பையன் பையை மடித்துக்கொண்டிருந்தான். பெயர் இன்பராஜ், டவர் மெக்கானிக். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, பராமரிப்புக்காக ஒரு மணி நேரம் புதுப் பெட்டியை நிறுத்தி வைத்தேன் என்றான்.

மாரீஸ்வரிக்குத் தன் கையால் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

இன்பராஜ் நல்ல பிள்ளை. மழுப்பாமல் சொன்னான். “அக்கா, காத்துல போற அலையெல்லாம் புஞ்சை மாதிரின்னு வச்சுக்கங்க. அரசாங்கம் அளந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கு. எங்க அஞ்சு ஜி புஞ்சையும் உங்க சாட்டிலைட் புஞ்சையும் அடுத்தடுத்து. நடுவுல வரப்பு இருக்கு. நாங்களும் வரப்பத் தாண்டல, நீங்களும் தாண்டல. ஆனா உங்க எல்.என்.பி. இருக்கே, அது வரப்பு பாக்காம மேயும். சாட்டிலைட்டு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருந்து மெதுவாப் பேசுது. நாங்க உங்க காதுகிட்ட மைக்கு வச்சுக் கத்துறோம். அதுக்கு எதக் கேக்கும்?”

“மிச்ச வீடுகள்ல குட்டி டிஷ் வச்சிருக்காகளே, அதுல படம் ஒடையலையே?”

“அது வேற பக்கத்துப் புஞ்சைக்கா. ரொம்பத் தள்ளி.”

வழி இருக்கிறது என்றான். எல்.என்.பி.க்கு முன்னால் மாட்டுகிற ஃபில்டர் ஒன்று உண்டு, சல்லடை மாதிரி, வேண்டாததைத் தடுத்துவிடும் என்றான். கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டாள். அனுப்புகிறோம், மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள்.

மாதக் கணக்கில் யார் பொறுப்பார்கள்? வியாழக்கிழமை அருஞ்சுனை மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கையில் எழுதிய மனு.

“மதினி, கோவிச்சுக்கக் கூடாது. இருக்கிறது ரெண்டே வழி. புதுப் பெட்டிய மட்டும் கழட்ட மாட்டாகளாம்; வர்ற திங்கக்கிழமை விருதுநகர் போயி, டவரையே நிறுத்தச் சொல்லி மனு குடுக்கணும். எடம் குடுத்தவுக நீங்க. மொதக் கையெழுத்து ஒங்களுது. இல்லைன்னா திங்கக்கிழமையோட ஊரே குட்டி டிஷ்ஷுக்கு மாறிக்கிரும். இதுக்கு மேல பொம்பளைகளை எங்களால சமாளிக்க முடியாது.”

மாறிவிட்டால் அவ்வளவுதான். ஒரு வீடு போனால் ஒயரைச் சுருட்டி வைக்கலாம். நூற்றுப் பன்னிரண்டும் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். மாரீஸ்வரி கையைப் பிசைந்தாள். அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று வருசத்தில் கேபிளைப் பற்றிக் கோட்டைச்சாமி பேசிய முதல் பேச்சு.

“கையெழுத்தப் போட்டுக் குடு புள்ள.”

“போட மாட்டேன்.”

“நான் வச்ச கேபிளு. இருபத்தேழு வருசம்.”

“தெரியும் மாமா. அதுக்காக அந்தப் பனைமரத்துக்கு இன்னொருத்தி ஓடணுமா? நீ வெயில்ல கெடந்த கெடை என் கண்ணுல நிக்கிது. டவரை நிறுத்த என் கையால எழுத மாட்டேன்.” நாலு ஆம்பிளைகள் முன்னால் அழக்கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். கோட்டைச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அருஞ்சுனை மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கடைசியாக வந்து கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலையில் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று கிணற்றுக்குள் இறங்கிக் கத்தியது. புஞ்சைக் கோடியில் இருக்கிற சதுரக் கிணறு அது. தண்ணீர் பார்த்து ஒன்பது வருசம் இருக்கும். முப்பதடி அகலம், ஒரு பக்கம் படி, இருபதடி ஆழத்தில் வடக்குச் சுவரை ஒட்டி மோட்டார் வைக்கக் கட்டிய மேடை. மோட்டார் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மேடை மட்டும் சும்மா கிடந்தது. குட்டி அதில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

மாரீஸ்வரி அந்த நேரம் ஃபில்டருக்காகக் கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருந்தாள். இருபது நிமிசமாக மியூசிக் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் “வணக்கம்” என்று வந்த நேரத்தில் இவள் பத்தாவது படியில் கால் வைத்தாள். போன் செத்துவிட்டது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், குட்டியையும் சேர்த்து. மேலே ஏறினாள். கோடு நாலும் வந்தது. இறங்கினாள். போய்விட்டது. கிணற்றுக்குள் டவர் கிடைக்காது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். குட்டி கத்துவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது.

மேடையில் போய் நின்று அண்ணாந்தாள். டவர் தெரியவில்லை. அதன் உச்சி விளக்குகூடத் தெரியவில்லை. நாலு பக்கமும் மண்ணும் பாறையும். ஆனால் தலைக்கு மேலே வானம் சதுரமாக, முழுசாகத் திறந்து கிடந்தது.

குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே வந்து இன்பராஜுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, ஒங்க டவர் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குமா?”

“அக்கா… டிஷ்ஷ எறக்கப் போறீகளா?” பிறகு சிரித்தான். “எங்க அலை மண்ணத் தாண்டி உள்ள வராதுக்கா. பெரிய பெரிய ஸ்டேசன்லயே பள்ளந் தோண்டி டிஷ் வைப்பாகன்னு படிச்சிருக்கேன். ஒங்களுக்குப் பள்ளம் ரெடியாவே இருக்கு. எறக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒண்டியாக டிஷ்ஷை நாலு துண்டாகக் கழற்றிக் கிணற்று மேட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள். சாயந்தரம் வருகிறேன் என்ற அருஞ்சுனை, டிஷ் கிணற்றுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டுக் காலையிலேயே ஆட்களோடு ஓடிவந்தான். மதினி மனசு வெறுத்துத் தூக்கிப் போடப்போகிறாள் என்று நினைத்திருக்கிறான். விசயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

“அது சரி மதினி, கிணத்துல தண்ணி வந்துட்டா?”

“தண்ணி வந்தா நம்ம ஊரே பொங்கல் வைக்கும். டிஷ்ஷ நான் தூக்கி மேல வச்சுக்கிறேன். இப்பக் கயித்தப் பிடி.”

மனு பையில் இருக்க, கயிற்றைப் பிடித்தான். நாலு துண்டும் ஒவ்வொன்றாக இறங்கின. மேடையில் வைத்து மாரீஸ்வரி பூட்டினாள். டிஷ்ஷின் ஓரம் மேடையைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. பழைய மோட்டாருக்குப் போட்டிருந்த குழாய் வழியாக ஒயரை மேலே அனுப்பினாள்.

சிக்கலே அதற்குப் பிறகுதான். டிஷ்ஷைத் திருப்புகிறவள் கிணற்றுக்குள். படம் தெரிகிற டி.வி. வீட்டுக்குள். டிஷ்ஷை ஒரு நூல் திருப்பினால் அங்கே என்ன ஆயிற்று என்று உடனே தெரிய வேண்டும். வழக்கமாக அவள் போனில் கேட்டுக்கொள்வாள். கிணற்றுக்குள்தான் போன் கிடையாதே! போன் கிடைக்காத இடம் என்பதற்காகத்தானே இறங்கியதே.

ஆகவே வீட்டில் ஓர் ஆள், நடுவில் ஒச்சம்மாள், கிணற்று மேட்டில் அருஞ்சுனை என்று நின்று கத்தினார்கள். ஒச்சம்மாளுக்கு நல்ல மனசு. மாரீஸ்வரி சங்கடப்படக் கூடாது என்று, அங்கே ஒன்றும் வராதபோதும் “வருது, வருது” என்றாள். மூவர் வாயில் புகுந்து வருவதற்குள் மாரீஸ்வரி டிஷ்ஷை எங்கேயோ கொண்டுபோயிருப்பாள். பத்து மணி பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டு இரண்டாயிற்று. கிணற்றுக்குள் வெயில் நேராக இறங்கிக் கொதித்தது. குடித்த தண்ணீரெல்லாம் சட்டையில் வந்து நின்றது.

“மதினி, விட்டுருங்க” என்று மேலேயிருந்து அருஞ்சுனை சொன்னான். அவன் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. ஸ்பேனரை மேடையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை. கையெழுத்துப் போடப்போவதில்லை. ஒயரைச் சுருட்ட வேண்டியதுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டினாள்.

மேலே ஏதோ சலசலப்பு. “அண்ணே, பாத்து, பாத்து” என்று யாரோ சொன்னார்கள்.

“பாக்காமயா வாரேன்? ஏலே அருஞ்சுனை, அந்தச் சின்ன டி.வி.யத் தூக்கியாந்து இந்தக் கல்லு மேல வை. பெட்டியையும் கொண்டா. ஒயரு இங்கதான வருது, இங்கேயே மாட்டு. கரண்டுக்கு வீட்டுலருந்து ஒரு ஒயர இழு. இத வீட்டுல வச்சுக்கிட்டு ஊர்வலமா கத்துவீக?”

மாரீஸ்வரி எழுந்து அண்ணாந்து பார்த்தாள். வானத்துச் சதுரத்தின் ஓரத்தில் ஒரு கம்பு தெரிந்தது. பிறகு கோட்டைச்சாமியின் தலை. கிணற்றுக் கல்லில் ஒரு கையை ஊன்றிக் குனிந்திருந்தார். வீட்டிலிருந்து கிணற்றுக்கு நூற்றைம்பது தப்படி இருக்கும். மூன்று வருசத்தில் அந்த மனுசன் முற்றத்துக்குக்கூட வந்ததில்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. டிஷ்ஷைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூக்கு கோணலா இருக்கு புள்ள. அதைக் கொஞ்சம் வலத்த முறுக்கு. அம்புட்டுதான். இப்ப டிஷ்ஷ மேக்க தள்ளு. மெதுவா. நெல்லு மூட்டையா தள்ளுற? ஒரு நூல்.”

தள்ளினாள். அவர் டி.வி.யில் தெரிந்த சிக்னல் அளவைப் படித்துச் சொன்னார்.

“முப்பது. நாப்பது… போச்சு. திரும்பி வா. நாப்பது. இப்ப அடிப்போல்ட்ட எறக்கு. அம்பத்தஞ்சு. இன்னும் ஒரு நூல். அறுபது. எழுபது… நில்லு. மூச்சுக்கூட விடாத. பூட்டு.”

ஒவ்வொரு போல்ட்டாகப் பூட்டினாள். மேலே ஒச்சம்மாள் கத்துவது கேட்டது, அருஞ்சுனை விசிலடிப்பது கேட்டது. சின்ன டி.வி.யில் மாமியார் மருமகளை முழு வாயால் ஏசுவதும் அறுபடாமல் கேட்டது. புஞ்சையில் டவர் அதுபாட்டுக்கு நின்றது.

“வந்துருச்சு புள்ள!” என்றார் கோட்டைச்சாமி.

மாரீஸ்வரி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கண்ணீர் ஒரு பக்கம், வேர்வை ஒரு பக்கம், எது எதுவென்று தெரியாமல் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தாள். மேட்டில் முணுமுணுத்தாலும் கிணற்றுக்குள் கேட்கும். அவள் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

“கேக்கலை மாமா.”